காஞ்சிக்கு முதற் பயணம்

ஓர் ஊருக்குச் செல்வது வேறு. அவ்வூரைக் காண்பது வேறு. காஞ்சிபுரத்திற்கு நாள்தோறும் மக்கள் திரளாகச் செல்கின்றனர். கோயில்களில் வழிபடுகின்றனர்; பட்டுப் புடவை வாங்குகின்றனர்; அந்தி சாயுமுன் ஊர் திரும்புகின்றனர். அவர்கள் நாடிச் சென்ற பயன் அவர்களுக்குக் கிடைத்துவிடுகிறது. ஆனால், வரலாறு கற்கும் ஒருவர் முதன்முறையாக அந்நகருக்குச் செல்லும்பொழுது, அவர் உள்ளத்தில் ஒரு திட்டம் இருத்தல் வேண்டும். அத்திட்டத்தை எவ்வாறு வகுப்பது என்பதைக் குறித்தே இன்று பேச விரும்புகிறேன்.

எந்தக் கோயில் அருகில் உள்ளது, எது தொலைவில் உள்ளது என்று கணக்கிட்டுப் புறப்படுவது நம் வழக்கம். காஞ்சியைப் பொறுத்தவரை, காலத்தையே வழியாகக் கொள்ளுங்கள் என்பேன். முந்தியதை முதலிலும் பிந்தியதைப் பின்னரும் காண்போமாயின், நகரம் தன் கதையைத் தானே சொல்லத் தொடங்கும்.

புறப்படுமுன் இரண்டு செய்திகளை நினைவில் கொள்ளுங்கள். கி.பி. 4-ஆம் நூற்றாண்டில் வட இந்தியாவை ஆண்ட சமுத்திரகுப்தன், தன் தென்திசைப் படையெடுப்பைக் கூறும் அலகாபாத் தூண் கல்வெட்டில், காஞ்சி மன்னன் விஷ்ணுகோபனைக் குறிப்பிடுகிறான். ஏறத்தாழ 640-இல் இந்நாட்டிற்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், இந்நகரின் சுற்றளவு 30 லீ என்றும், இந்நாட்டில் நூறு பௌத்த மடங்களும் பதினாயிரம் துறவிகளும் இருந்தனர் என்றும் எழுதினார். மணிமேகலைக் காப்பியத்தின் இறுதிப் பகுதி நிகழும் இடமும் காஞ்சியே. அம்மடங்களுள் ஒன்றேனும் இன்று முழு உருவில் நிற்கவில்லை. ஆகவே, கண்ணுக்குத் தெரியும் காஞ்சி, இருந்த காஞ்சியின் ஒரு பகுதியே என்ற எண்ணத்துடன் ஊருக்குள் நுழைதல் வேண்டும்.

முதல் நாட் காலையில், ஊரின் மேற்கு எல்லையிலுள்ள கைலாசநாதர் கோயிலுக்குச் செல்லுங்கள். 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மன் எடுப்பித்த கற்றளி அது. முற்றத்தைச் சூழ்ந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறு சன்னிதிகள் உள்ளன. அவற்றின் சுவர்களில் அரசனின் விருதுப் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கோயிலின் முன்னுள்ள சிறு ஆலயங்களுள் ஒன்று, அவன் தேவி ரங்கபதாகை கட்டியது. 1931-இல் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய், சுண்ணப் பூச்சின் அடியில் மறைந்திருந்த பழைய ஓவியங்களை இங்குக் கண்டறிந்தார்.

எனினும், நான் உங்களை நெடுநேரம் நிறுத்த விரும்புவது மண்டபத்திலுள்ள ஒரு தூணின் முன்னர்தான். அதில் கன்னட மொழியில் ஒரு கல்வெட்டு உண்டு. தமிழ்நாட்டின் தலைநகரில் கன்னடக் கல்வெட்டு எவ்வாறு வந்தது? 642-இல் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் சளுக்கியரின் தலைநகராகிய வாதாபியைக் கைப்பற்றினான். அப்பகை நூறாண்டுகள் கனன்றது. ஏறத்தாழ 740-இல் சளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் படையுடன் வந்து காஞ்சியை வென்றான். பழிவாங்க வாய்ப்புக் கிடைத்தது. ஆயினும், இக்கோயிலின் செல்வத்தைக் கண்ட அவன், அதனைக் கவர்ந்து செல்லாமல் இறைவனுக்கே திரும்ப அளித்தான். அக்கல்வெட்டு கூறும் செய்தி இதுவே.

வென்றவன் தன்னைத் தானே புகழ்ந்துகொண்ட உரையன்றோ இது என்று நீங்கள் ஐயுறலாம். ஐயுறுதல் நன்றே, வரலாற்று அறிவின் முதற்படி அது. ஆனால், சுற்றிலும் பாருங்கள். தோற்ற மன்னரின் பெயர்கள் சுவர்களில் அழிக்கப்படாமல் இருக்கின்றன. மேலும், காஞ்சி வெற்றியின் நினைவாக அவன் தேவி லோகமாதேவி பட்டதக்கல்லில் ஒரு பெருங்கோயில் எடுப்பித்தாள். இன்று விருபாட்சர் கோயில் எனப்படும் அதன் அமைப்பில் காஞ்சிக் கோயிலின் சாயல் தெளிவாகத் தெரிகிறது. கல்லின் சொல்லுக்குக் கல்லே சான்று பகர்கிறது.

அடுத்து வைகுந்தப் பெருமாள் கோயிலைக் காணுங்கள். பரமேச்சுர விண்ணகரம் என்பது அதன் பழம்பெயர். இரண்டாம் பரமேசுவரவர்மனுக்குப்பின் அரியணைக்கு உரியவர் இல்லாதபோது, பன்னிரண்டு வயதுச் சிறுவனான நந்திவர்மனை அழைத்து வந்து முடிசூட்டினர். அந்நிகழ்ச்சியும் பல்லவர் குலக் கதையும் இங்குத் திருச்சுற்றுச் சுவரில் சிற்ப வரிசைகளாக உள்ளன. சிலவற்றின் அருகே விளக்கக் குறிப்புகளும் பொறிக்கப்பட்டுள்ளன. எழுத்தறியாதவரும் கண்டு அறியத்தக்க வரலாற்று நூல் எனலாம்.

நடுப்பகலில் பெருங்கோயில்களின் நடை சாத்தப்படும். அவ்வேளையில் நெசவாளர் வாழும் தெருக்களுக்குச் செல்லலாம். உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து, நூலோடு நூல் கோத்து இணைக்கும் கோர்வை முறையை, அவர் இசைவு பெற்று, அருகிருந்து காணுங்கள். மன்னர்கள் மறைந்தனர், தறியின் ஓசை மறையவில்லை.

மாலையில் ஏகாம்பரநாதர் கோயிலின் தெற்குக் கோபுரத்தைக் காணலாம். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிருஷ்ணதேவராயர் கட்டியது அது. காலையில் கண்ட பல்லவர் விமானத்தையும் மாலையில் காணும் இக்கோபுரத்தையும் மனத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். முன்னதில் கருவறையின்மேல் உயர்ந்த சிகரம், பின்னதில் வாயிலின்மேல் உயர்ந்து நிற்கிறது. எண்ணூறு ஆண்டுகளின் மாறுதல் ஒரே நாளில் விளங்கும்.

மறுநாள், வேகவதியாற்றின் அப்பாலுள்ள திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலுக்கும், பின்னர் சின்னக் காஞ்சியின் வரதராசப் பெருமாள் கோயிலுக்கும் செல்லுங்கள். சமணக் கோயிலின் சங்கீத மண்டபத்தை விசயநகர அமைச்சர் இருகப்பர் 14-ஆம் நூற்றாண்டில் கட்டினார். அதன் விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறுகள் ஓவியங்களாக உள்ளன.

இறுதியாக ஒன்று. பல்லவர் கோயில்களின் சிற்பங்கள் மணற்கல்லில் அமைந்தவை. காற்றும் மழையும் அக்கல்லை அரிக்கின்றன. கை பட்டாலும் அது தேய்கிறது. அதன்மேல் தம் பெயரைக் கீறிச் செல்வோரும் உளர். வாளேந்தி வந்த பகையரசன் தொடாது விட்டதை, நுழைவாயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு வரும் நாம் அழிக்கலாமா? ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் எடுத்துச் செல்லுங்கள். எழுத வேண்டுவனவற்றை அக்குறிப்பேட்டில் எழுதுங்கள். நமக்குப்பின் முதன்முறையாகக் காஞ்சிக்கு வரும் மாணவனுக்கும் அந்தத் தூணும் அந்தச் சுவரும் வேண்டும்.