ஆறாத புண்

மருந்திட்டுக் கட்டி நான்கு வாரம் ஆகியும் பரப்பு குறையாத புண்ணை ஆறாத புண் என்று மருத்துவர்கள் வகைப்படுத்துகிறார்கள். திசையன்விளை போன்ற ஊர்களில் இது பெரும்பாலும் காலில்தான் வருகிறது. சர்க்கரை நோயாளிக்கு உள்ளங்காலில் குழிவிழும். நரம்பு சுருட்டியவருக்குக் கணுக்காலுக்கு மேலே நீர் கசியும். படுத்த படுக்கையான முதியவருக்கு இடுப்பில் புண் வைக்கும். பார்வைக்கு எல்லாம் புண்தான், ஆனால் காரணம் வேறு வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே களிம்பைப் பூசி ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதால் இழந்த கால்கள் ஏராளம்.

தமிழரின் புண் மருத்துவம் பழமையானது. போரில் புண்பட்டவன் கிடக்கும் வீட்டில் வேப்பிலை செருகி, வெண்சிறுகடுகு தூவி, நறும்புகை எழுப்பிக் காத்ததை அரிசில்கிழார் புறநானூற்றின் 281ஆம் பாடலில் சொல்கிறார். வாள்வெட்டை ஊசியால் தைத்த வடுவைப் பதிற்றுப்பத்து காட்டுகிறது. இவை புதுக் காயங்களுக்கான வைத்தியம். நாள்பட்டுப் புரையோடிய புண்ணைச் சித்த மருத்துவம் தனியே கவனித்தது. நீரிழிவு முற்றும்போது வரும் அவத்தைகளில் பிளவை என்னும் சீழ்க்கட்டியையும் சேர்த்திருப்பதால், சர்க்கரைக்கும் சீழ்ப்புண்ணுக்கும் உள்ள உறவு சித்தர் மரபுக்குத் தெரிந்திருந்தது என்று கொள்ளலாம். ஊமத்தை இலைச்சாறு, தேங்காயெண்ணெய், துருசு சேர்த்துக் காய்ச்சும் மத்தன் தைலம் இன்றும் இத்தகைய புண்களுக்கு வெளிப்பூச்சாக உள்ளது. 1964இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரி இந்த மரபை ஆஸ்பத்திரிக்குள் கொண்டுவந்தது.

ஆனால் தைலம் போட்டும் உள்ளங்கால் புண் ஏன் மூடவில்லை என்பதற்கு விடை தொழுநோயாளிகளிடமிருந்து வந்தது. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் காட்டிய மடங்கிய கைகளும் தேய்ந்த கால்களும் அவரை இந்த வேலையில் இறக்கின. நோய் சதையை அழுகவைக்கிறது, அந்தச் சதை இனி ஆறாது என்பதே அன்றைய நம்பிக்கை. பிராண்ட் கண்டது வேறு. அந்தச் சதையும் மற்றவர் சதையைப் போலவே ஆறியது. செத்துப்போயிருந்தது வலியை உணரும் நரம்புதான். வலி தெரியாததால் அடுப்பில் சுட்டுக்கொண்டார்கள், முள் தைத்த காலோடு நடந்தார்கள். உறக்கத்தில் எலி விரலைக் கடித்தது கூடத் தெரியவில்லை. வேலூரில் நோயாளிகளின் மறுவாழ்வு இல்லமான நவஜீவ நிலையத்தில் இதைக் கண்டறிந்த பிறகு நோயாளிகளுக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டன.

சாதாரண மனிதன் கால் வலித்தால் நொண்டுவான். அந்த நொண்டல்தான் புண்ணுக்கு ஓய்வு. மரத்துப்போன காலுக்கு அந்த ஓய்வு கிடைப்பதில்லை. இந்த ஓய்வை வெளியிலிருந்து கொடுத்தது மாவுக்கட்டு. இலங்கைத் தமிழரான கொழும்பு அறுவை மருத்துவர் மில்ராய் பால் 1930களிலேயே தொழுநோயாளியின் உள்ளங்கால் புண்ணுக்கு மாவுக்கட்டுப் போட்டார். காலோடு ஒட்டிப் படிந்த கட்டு, உடல் எடையைப் பாதம் முழுவதற்கும் காலுக்கும் பகிர்ந்துவிடும். புண்ணின் மேல் அழுத்தம் குறையும். வேலூரில் பிராண்ட் இந்த முறையைக் கையாண்டார். 1960களில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது கூடவே கொண்டுபோனார். அங்கிருந்து அது சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கு வந்து, இன்று உலகமெங்கும் அவர்களின் உள்ளங்கால் புண்ணுக்கு முதன்மைச் சிகிச்சையாக நிற்கிறது. ஆறிய கால் மீண்டும் புண்ணாகாமலிருக்க, வேலூர், கரிகிரி மருத்துவக் குழுவினர் பல பொருள்களில் செருப்புச் செய்து பார்த்து நுண்ணறை ரப்பரில் வந்து நின்றார்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று நாம் சொல்வது அதுதான். ஊர் ஒதுக்கிவைத்த நோயாளிகளின் பாதங்களில் கற்ற பாடம் இன்று வீட்டுக்கு வீடு இருக்கும் சர்க்கரை நோயாளியின் காலைக் காக்கிறது. அந்தக் கடன் பெரியது.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். நரம்பு சுருட்டிய காலுக்கு இறுக்கக் கட்டு வேண்டும், அதற்குமுன் காலுக்குப் போகும் ரத்த ஓட்டத்தைச் சோதித்தாக வேண்டும். படுக்கைப்புண்ணுக்குப் புரட்டிப் படுக்கவைப்பதே மருந்து. பல ஆண்டுப் புண்ணின் ஓரம் தடித்து மேலெழுந்தால் புற்றுநோயா என்று சதை எடுத்துப் பார்க்க வேண்டும். புண்ணைக் காற்றாடக் காயவிடுவது நல்லது என்ற எண்ணத்தை 1962இல் ஜார்ஜ் வின்டர் பன்றிகளில் செய்த சோதனை மாற்றியது. ஈரப்பதத்தோடு மூடிவைத்த காயத்தில் புதுத்தோல் விரைவாகப் படர்ந்தது.

சர்க்கரை நோய்க்கென்றே சென்னை இராயபுரத்தில் 1954இல் எம். விசுவநாதன் மருத்துவமனை தொடங்கினார். பாத மருத்துவம் அங்கே தனித்துறையாக வளர்ந்தது. திசையன்விளைக்காரருக்கு மருத்துவக் கல்லூரி சார்ந்த பெரிய சிகிச்சை பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில்தான். அங்கே போவதற்குள் விரல் கறுத்துவிடும் நிலை வரக்கூடாது. இந்த மண்ணுக்கென்று சில எச்சரிக்கைகள் உண்டு. தேரி மணலும் கோயில் தரையும் உச்சிவேளையில் கொதிக்கும். மரத்த கால் அதை அறியாமல் கொப்புளிக்கும். உவரி கோயிலில் கடல்மண் சுமக்க நேர்ந்துகொண்ட சர்க்கரை நோயாளிகள் விடியற்காலையில் அதை முடித்துக்கொள்வது நல்லது. கால் ஆணியைப் பிளேடால் சீவக்கூடாது. கட்டுப் போட்ட காலோடு சந்தைக்கு நடந்து போனால் எந்த மருந்தும் பலிக்காது. இரவில் படுக்குமுன் உள்ளங்காலை விளக்கடியில் பாருங்கள், குனிய முடியாதவர்கள் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை உள்ளவர் காலில் புண் கண்டால் வாரக்கணக்கில் காத்திருக்காமல் அன்றைக்கோ மறுநாளோ மருத்துவரிடம் காட்டுங்கள்.