ஏரிக்கரைப் பூக்களும் இரு பெண்களும்

1802ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 15ஆம் திகதி. இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள ஏரி மாவட்டத்தில், அல்ஸ்வோட்டர் ஏரிக்கரை வழியாக அண்ணனும் தங்கையும் வீடு நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தனர். அண்ணன் கவிஞர் வில்லியம் வேர்ட்ஸ்வேர்த், தங்கை டொறதி. அன்று காற்று மிகக் கடுமையாக வீசியது. கோபரோ என்னும் வனப்பகுதியைத் தாண்டியதும் நீரோரத்தில் சில டஃபடில் மலர்களைக் கண்டனர். போகப் போகக் கரை நெடுகிலும் அம்மலர்கள் செறிந்து நின்றன.

அந்தப் பூக்களைக் காணாமலே அறிந்தவர்கள் நாம். ஆங்கிலப் பாடத்தில் வேர்ட்ஸ்வேர்த்தின் டஃபடில் கவிதையை மனனஞ் செய்தவர்கள் எம்மிடையே பலர். ஆங்கிலேயர் ஆண்ட பிற நாடுகளிலும் இதே நிலைதான். அன்ரிகுவாவிற் பிறந்த எழுத்தாளர் ஜமேக்கா கின்கெய்ட், 1990இல் வெளிவந்த ‘லூசி’ நாவலில், கண்டிராத பூவைப் பற்றிய கவிதையை மனனஞ் செய்யவேண்டியிருந்த ஒரு பெண்ணின் கோபத்தை எழுதினார். அக்கோபத்தில் நியாயம் உண்டு. ஆயினும் அக்கவிதை பிறந்த கதையை அறிந்தால், பெண்களாகிய நாம் அதனை வேறு கண்கொண்டு பார்க்கலாம்.

1800ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் திகதி, அண்ணன் பயணம் புறப்பட்ட அன்று, கிராஸ்மியர் என்ற ஊரிலுள்ள சிறிய வீட்டிலிருந்து டொறதி நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். திரும்பி வரும்போது அண்ணன் வாசித்து மகிழவேண்டும் என்பதே அவரது எண்ணம். ரொட்டி சுட்டது, துணி துவைத்தது, கடிதத்துக்குக் காத்திருந்தது, வாசலுக்கு வந்த ஏழைகளின் கதை, வானிலை, நிலவு என எல்லாம் அதில் இடம்பெற்றன. ஏரிக்கரைப் பூக்களையும் அவர் விரிவாக எழுதிவைத்தார். களைத்துத் தலைசாய்த்தவை சில, காற்றோடு விளையாடியவை சில என்று, மனிதரைப் பற்றிச் சொல்வதுபோல அவற்றைப் பற்றிச் சொன்னார். அந்த நாட்குறிப்பு அவர் வாழ்ந்த காலத்தில் நூலாக வெளிவரவில்லை.

அண்ணன் அக்கவிதையை எழுதியது ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கழித்தே. 1807இல் வெளியான அவரது கவிதைத் தொகுதியில் அது 18 அடிகளுடன் வந்தது. 1815இல் 24 அடிகளாக வளர்ந்தது. கவிதையில் நடப்பவர் தனியர். கூடவே நடந்த தங்கை அங்கில்லை. அக்காட்சி தனிமையில் மனக்கண்முன் மீண்டும் எழுவதைச் சொல்லும் இரண்டு அடிகளோ, கவிஞரின் மனைவி மேரி தந்தவை. கவிதையிலே மிகச் சிறந்தவை அவ்விரு அடிகளே என்று கவிஞர் முதுமையில் வெளிப்படையாகச் சொன்னார். ஆக, ஒரு பெண் எழுதிவைத்த காட்சியும் இன்னொரு பெண் தந்த அடிகளும் ஓர் ஆணின் பெயரிலே உலகெங்கும் போய்ச் சேர்ந்தன.

அத்தொகுதிக்கு முதலில் வரவேற்பு இருக்கவில்லை. அற்ப விடயங்களைப் பாடுகிறார் என்று விமர்சகர் பிரான்சிஸ் ஜெஃப்ரி கடுமையாகச் சாடினார். ஆனால் அற்பமென ஒதுக்கப்பட்ட இக்கவிதைகளே பின்னர் ஓர் இளைஞனைத் தேற்றின. தத்துவஞானி ஜோன் ஸ்ருவேட் மில் 1826இல், தமது இருபதாவது வயதில், ஆழ்ந்த மனச்சோர்வுக்கு ஆளானார். சிறுவயது முதல் அறிவுப் பயிற்சியிலேயே வளர்ந்த அவருக்கு எதிலும் இன்பம் தெரியவில்லை. 1828இல் வேர்ட்ஸ்வேர்த்தை வாசித்தபோது ஆறுதல் கிடைத்தது என்று, 1873இல் வெளியான தமது சுயசரிதையில் அவர் எழுதியுள்ளார். மலையையும் ஏரியையும் வெறுமனே வருணிப்பதால் அந்த ஆறுதல் வரவில்லை. அழகைக் கண்ட உள்ளத்தில் எழுந்த உணர்வைக் கவிதைகள் தந்ததாலேயே வந்தது என்பது அவர் கருத்து. எல்லா மனிதரும் பங்குகொள்ளக்கூடிய இன்பம் அது என்றும் உணர்ந்தார்.

ஆறுதல் என்பது துயரத்தை விலக்கிவிடுவதன்று. அக்குடும்பமே அதற்குச் சாட்சி. 1805இல் வில்லியத்தின் தம்பி ஜோன் கப்பல் மூழ்கி இறந்தார். 1812இல், ஒரே ஆண்டில், மூன்று வயது மகளும் ஆறு வயது மகனும் மறைந்தனர். 1835 அளவில் டொறதியின் மனநிலை குலைந்தது. அதன்பின் இருபது ஆண்டுகள் அவர் வீட்டுக்குள்ளேயே பராமரிக்கப்பட்டார். நினைவு தடுமாறிய அக்காலத்திலும் கவிதைகளை அவரால் மனப்பாடமாகச் சொல்ல முடிந்தது. 1850இல் அண்ணன் இறந்தபின்பும் மேரி அவரைக் கைவிடவில்லை. 1855இல் டொறதி கண்மூடும்வரை உடனிருந்தார். அழகு அவர்களது இழப்பை ஈடுசெய்யவில்லை. இழப்போடு வாழ்வதற்குத் துணையாக இருந்தது.

அந்த ஏரிக்கரையும் பின்வந்தோரின் கவனத்தைப் பெற்றது. ஒக்ரேவியா ஹில் என்ற பெண்மணியும் வேறிருவரும் 1895இல் தேசிய நம்பிக்கை நிதியத்தை நிறுவினர். 1906இல், மக்களிடம் திரட்டிய பணத்தைக் கொண்டு, அந்நிதியம் கோபரோவைப் பொதுமக்களுக்கென வாங்கியது. டொறதியின் குறிப்பேடுகளும் கிராஸ்மியரில் இன்று பேணப்படுகின்றன. 1802இல் அவர் கண்ட பூக்கள் அந்த வசந்தத்தோடே உதிர்ந்துவிட்டன. வேலைகளுக்கிடையே அவர் எழுதிவைத்த பக்கம் இருக்கிறது.

நூற்றாண்டு காணும் எமது சங்கத்தின் சகோதரிகளிடமும் இத்தகைய பக்கங்கள் இருக்கும். பழைய அப்பியாசக் கொப்பியின் ஓரத்திலோ, தோழிக்கு எழுதிய கடிதத்திலோ, கல்லூரி முற்றத்து மரத்தைப் பற்றியோ மழைநாளைப் பற்றியோ எழுதிய நான்கு வரிகள் கிடக்கக்கூடும். அவற்றை வீசிவிடாது எடுத்துவைப்போம். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுவோம்.