கிராம சபை (தமிழ்நாடு)

கிராம சபை என்பது ஒரு கிராம ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அனைவரையும் உறுப்பினர்களாகக் கொண்ட மன்றம் ஆகும். ஊராட்சித் தலைவரும் வார்டு உறுப்பினர்களும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். கிராம சபையிலோ மக்களே உறுப்பினர்கள். சட்டமன்றம், நாடாளுமன்றம் ஆகியவற்றில் வாக்காளர் தம் பிரதிநிதி வழியாகவே பேச இயலும். இந்தியாவில் சட்டப்படி வாக்காளர் நேரடியாக அமர்ந்து வரவு செலவைக் கேள்வி கேட்கவும் தீர்மானம் இயற்றவும் இயலும் மன்றங்களில் முதன்மையானது கிராம சபையே. ஊராட்சி மன்றத்தின் பதவிக்காலம் ஐந்தாண்டுகளில் முடிந்துவிடும். கிராம சபைக்குப் பதவிக்காலம் இல்லை. வாக்காளர்கள் உள்ளவரை அது நிலைத்திருக்கும்.

இலங்கையில் 1981 வரை கிராம சபை என்ற பெயரில் இயங்கியவை தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளூராட்சி மன்றங்கள் ஆகும். அவை இக்கட்டுரையில் கூறப்படும் கிராம சபையிலிருந்து வேறுபட்டவை.

வரலாறு

தமிழகத்தின் ஊராட்சி வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளிலிருந்து தொடங்குவர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட இக்கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டு, ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியவற்றுக்கு உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். பொறுப்பில் இருந்தபோது கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் பொறுப்பேற்கத் தடை இருந்தது. எனினும் அது பிராமணர்களுக்குக் கொடையாக அளிக்கப்பட்ட ஊரின் சபை. சொந்த நிலமும் மனையும் உடைய ஆடவர் மட்டுமே பொறுப்பேற்க இயன்றது. பெண்களுக்கும் நிலமற்றோருக்கும் அதில் இடமில்லை. ஆகவே இன்றைய கிராம சபையை அதன் நேரடித் தொடர்ச்சியாகக் கொள்ள இயலாது.

ஆங்கிலேயர் ஆட்சியில் 1884ஆம் ஆண்டின் சென்னை உள்ளாட்சிச் சட்டமும் 1920ஆம் ஆண்டின் கிராம ஊராட்சிச் சட்டமும் தற்கால ஊராட்சிகளுக்கு அடித்தளம் இட்டன. விடுதலைக்குப் பின் 1950, 1958 ஆகிய ஆண்டுகளில் புதிய சட்டங்கள் இயற்றப்பட்டன.

1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் கிராம சபைக்கு அரசியலமைப்பில் இடம் அளித்தது. 243ஆம் உறுப்பு கிராம சபையை வரையறுக்கிறது. 243-அ உறுப்பு அதன் அதிகாரங்களை மாநிலச் சட்டமன்றம் தீர்மானிக்கலாம் என்கிறது. இதன்படி இயற்றப்பட்ட தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994இன் 3ஆம் பிரிவு கிராம சபையைப் பற்றியது. புதிய சட்டத்தின் கீழ் முதல் உள்ளாட்சித் தேர்தல் 1996இல் நடைபெற்றது.

கூட்ட நாட்கள்

ஆண்டுக்கு இரு முறையேனும் கூட்டம் நடத்தப்பட வேண்டும் என்பது சட்டத்தின் குறைந்தபட்சத் தேவை. நடைமுறையில் பல ஆண்டுகளாகப் பின்வரும் நான்கு நாட்களில் கூட்டம் நடைபெற்று வந்தது:

- சனவரி 26 (குடியரசு நாள்)
- மே 1 (தொழிலாளர் நாள்)
- ஆகத்து 15 (விடுதலை நாள்)
- அக்டோபர் 2 (காந்தி பிறந்த நாள்)

2022இல் மார்ச் 22 (உலக நீர் நாள்), நவம்பர் 1 (உள்ளாட்சி நாள்) ஆகிய இரு நாட்கள் சேர்க்கப்பட்டன. இதனால் ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள் என்றாயிற்று. இவை தவிரச் சிறப்புக் கூட்டங்களும் நடத்தப்படலாம். கொரோனாத் தொற்றுக் காலத்தில், 2020 அக்டோபர் 2 அன்று நடைபெறவிருந்த கூட்டங்கள் மாநிலம் முழுவதும் இரத்து செய்யப்பட்டன.

கூட்டம் நடைபெறும் முறை

கூட்டத்திற்கு ஊராட்சித் தலைவர் தலைமை வகிப்பார். இடமும் நேரமும் முன்கூட்டியே மக்களுக்கு அறிவிக்கப்பட வேண்டும். முன்னர்ப் பல ஊர்களில் தண்டோரா போட்டு அறிவிக்கும் வழக்கம் இருந்தது. குறிப்பிட்ட சமூகத்தினர் மீது சுமத்தப்பட்ட வேலை என்பதால் 2022 ஆகத்தில் மாநில அரசு அதற்குத் தடை விதித்து, ஒலிபெருக்கி பொருத்திய வாகனங்களைப் பயன்படுத்துமாறு அறிவுறுத்தியது. ஓர் ஊராட்சியில் பல குக்கிராமங்கள் இருப்பின், அவற்றில் சுழற்சி முறையில் கூட்டம் நடத்த வேண்டும். மதச்சார்புள்ள இடங்களில் கூட்டம் நடத்தக் கூடாது.

கூட்டம் செல்லுபடியாக வேண்டுமெனில் குறைந்தபட்ச வருகை தேவை. மக்கள்தொகைக்கு ஏற்ப அது பின்வருமாறு வகுக்கப்பட்டுள்ளது:

- 500 வரை: 50 பேர்
- 501 முதல் 3,000 வரை: 100 பேர்
- 3,001 முதல் 10,000 வரை: 200 பேர்
- 10,000க்கு மேல்: 300 பேர்

வந்தவர்களின் கையொப்பமே வருகைக்குச் சான்று. தீர்மானங்கள் பதிவேட்டில் எழுதப்படும். தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் விண்ணப்பித்து எவரும் அவற்றின் படியைப் பெறலாம்.

பணிகள்

கிராம சபையின் முதன்மைப் பணிகள்:

- ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தல்
- வரவு செலவுத் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தல்
- தணிக்கை அறிக்கையைப் பரிசீலித்தல்
- நடைபெறும் பணிகளின் முன்னேற்றத்தை ஆய்தல்
- அரசு நலத்திட்டங்களின் பயனாளிகள் பட்டியலைப் பார்வையிடல்

இவற்றின் பொருளை அறிய, ஊராட்சியின் கடமைகளை அறிவது தேவை. சட்டத்தின் 110ஆம் பிரிவின்படி ஊராட்சிச் சாலைகள், தெரு விளக்குகள், வடிகால், துப்புரவு, குடிநீர், இடுகாடு, சுடுகாடு ஆகியவற்றை அமைத்துப் பேணுதல் ஊராட்சியின் கடமை. வீட்டு வரி, தொழில் வரி, கட்டட அனுமதிக் கட்டணம் ஆகியன ஊராட்சியின் சொந்த வருவாய்கள். மாநில நிதி ஆணையம், நடுவண் நிதி ஆணையம் ஆகியவற்றின் பரிந்துரைப்படி மானியமும் கிடைக்கிறது. ஒரு தெருவில் விளக்கு எரியாததும், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி கழுவப்படாததும் கிராம சபையில் கேட்கத் தக்க கேள்விகளே. பழுதுபார்ப்புக்கு எவ்வளவு செலவாயிற்று என்பதும் அவ்வாறே.

2005ஆம் ஆண்டின் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, அத்திட்டப் பணிகளைச் சமூகத் தணிக்கை செய்யும் பொறுப்பைக் கிராம சபைக்கு அளித்தது.

தீர்மானத்தின் வலிமை

கிராம சபைத் தீர்மானம் மாநில அரசையோ நடுவண் அரசையோ தானாகவே கட்டுப்படுத்துவதில்லை. ஆயினும் அது ஓர் ஊரின் கருத்துக்கு எழுத்து வடிவில் உள்ள அதிகாரபூர்வச் சான்று.

ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் சுரங்கம் அமைப்பது பற்றி அங்குள்ள கிராம சபைகளே முடிவு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 18 அன்று தீர்ப்பளித்தது. அவ்வாண்டே கூடிய 12 கிராம சபைகளும் சுரங்கத்தை மறுத்தன. அங்கு வன உரிமைச் சட்டமும் பழங்குடிப் பகுதிகளுக்கான ஊராட்சிச் சட்டமும் கிராம சபைகளுக்குக் கூடுதல் வலிமை அளித்தன. தமிழ்நாட்டில் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள் இல்லை. எனவே இரண்டாவது சட்டம் இங்குப் பொருந்தாது.

தமிழ்நாட்டில் மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்திற்கு ஏலம் விடப்பட்டதை எதிர்த்து, 2024 நவம்பரில் அவ்வட்டார ஊராட்சிகள் பலவற்றின் கிராம சபைகள் தீர்மானம் நிறைவேற்றின. மக்கள் போராட்டம், சட்டமன்றத் தீர்மானம் ஆகியவற்றைத் தொடர்ந்து 2025 சனவரியில் நடுவண் அரசு ஏலத்தை இரத்து செய்தது. காஞ்சிபுரம் மாவட்டம் ஏகனாபுரத்தில், பரந்தூர் விமான நிலையத் திட்டத்திற்கு எதிராக 2022 முதல் கிராம சபையில் பலமுறை தீர்மானம் இயற்றப்பட்டது. எனினும் அதனால் மட்டும் நிலம் எடுக்கும் பணி நின்றுவிடவில்லை.

குத்தம்பாக்கம்

திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கம் ஊராட்சி, கிராம சபையின் பயனுக்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது. வேதிப் பொறியியல் படித்த இளங்கோ ரங்கசாமி 1996இல் அதன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பத்தாண்டுகள் பணியாற்றினார். தலித் குடும்பமும் பிற சாதிக் குடும்பமும் ஒரே சுவரைப் பகிர்ந்து அடுத்தடுத்து வாழும் இரட்டை வீடுகள் அங்குக் கட்டப்பட்டன. தொழிற்சாலையில் கழித்துப் போட்ட கற்பலகைகளைக் கொண்டு குறைந்த செலவில் வடிகால் அமைத்தபோது, வகுக்கப்பட்ட மதிப்பீட்டின்படி நடக்கவில்லை என்ற குற்றச்சாட்டு எழுந்து அவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். அவர் வழக்காடச் செல்லாமல் கிராம சபையின் முன் கணக்கை வைத்தார். மக்கள் அவரை ஆதரித்ததைத் தொடர்ந்து இடைநீக்கம் விலக்கப்பட்டது.

சாதியும் கிராம சபையும்

எல்லோரும் சமமாக அமர வேண்டிய மன்றம் என்பதாலேயே கிராம சபை எதிர்ப்பையும் சந்தித்துள்ளது. தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட மேலவளவு ஊராட்சியில், தலைவர் முருகேசன் உட்பட ஆறு பேர் 1997 சூன் 30 அன்று கொலை செய்யப்பட்டனர். இதே காரணத்தால் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் பத்தாண்டுகள் முறையான தேர்தல் நடைபெறவில்லை. 2006இல்தான் அங்குத் தேர்தல் நடந்தது. 2021 அக்டோபர் 2 அன்று முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் பாப்பாபட்டி கிராம சபையில் பங்கேற்றார். பட்டியல் சாதித் தலைவர்கள் தேசியக் கொடி ஏற்றுவதைத் தடுக்கும் நிகழ்வுகளைத் தொடர்ந்து, அவ்வாறான பாகுபாடு கூடாது என 2022 ஆகத்தில் அரசு மாவட்ட ஆட்சியர்களுக்கு அறிவுறுத்தியது.

தொடக்கத்தில் மூன்றில் ஒரு பங்காக இருந்த பெண்களுக்கான இட ஒதுக்கீடு 2016இல் 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டது.

கேளம்பாக்கமும் சென்னையின் தென்புற ஊர்களும்

நகரம் கிராமத்திற்குள் வரும்போது கிராம சபைக்கு என்ன நேர்கிறது என்பதைச் சென்னையின் தென்புறத்தில் காணலாம். இராசீவ் காந்தி சாலையில் வண்டலூர்ச் சாலை வந்து சேரும் இடத்தில் அமைந்துள்ள கேளம்பாக்கம், உப்பளங்களுக்கும் கோவளம் கழிமுகத்திற்கும் அருகில் உள்ள ஊர். முன்பு காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, 2019இல் உருவாக்கப்பட்ட செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. சிறுசேரி மென்பொருள் பூங்கா வந்த பின்னர் இச்சாலை நெடுகிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகின. ஆனால் நிருவாக முறையில் கேளம்பாக்கம் திருப்போரூர் ஒன்றியத்தைச் சேர்ந்த கிராம ஊராட்சியாகவே இருந்து வந்தது.

இதன் விளைவுகள் கவனிக்கத்தக்கவை. மாநகரின் அளவுக்குப் பெருகிய குப்பையையும் கழிவுநீரையும் ஊராட்சிக்குரிய பணியாளரைக் கொண்டும் நிதியைக் கொண்டும் கையாள வேண்டியுள்ளது. அதே வேளையில், ஊராட்சி எல்லைக்குள் இயங்கும் நிறுவனங்களின் ஊழியர் சம்பளத்திலிருந்து அரையாண்டுக்கு ஒருமுறை பிடிக்கப்படும் தொழில் வரி அந்த ஊராட்சிக்கே சேர்கிறது. வரி செலுத்துவோர் பலருக்கு அது எங்குச் செல்கிறது என்பது தெரியாது. புதிதாகக் குடியேறியோர் பலர் சொந்த ஊரிலேயே வாக்காளராக நீடிப்பதால் கிராம சபையில் உறுப்பினராவதில்லை. பெயரை மாற்றிக்கொண்டால், பழைய குடிகளுக்கு உள்ள அதே உரிமை அடுக்குமாடியில் வாழ்பவருக்கும் உண்டு. குடிநீர், வடிகால் ஆகியவை இரு சாராருக்கும் பொதுவானவை.

2016இல் நடைபெற வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் நீதிமன்ற உத்தரவால் இரத்தானது. செங்கல்பட்டு உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபரில்தான் ஊரகத் தேர்தல் நடந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை. தனி அலுவலர்களே நிருவகித்தனர். அக்காலத்தில் ஊர் மக்கள் கேள்வி கேட்கச் சட்டப்படி எஞ்சியிருந்த மன்றம் கிராம சபை மட்டுமே.

நகராதலும் கிராம சபையும்

ஓர் ஊராட்சி பேரூராட்சியாகவோ நகராட்சியாகவோ மாறினால், அல்லது மாநகராட்சியுடன் இணைந்தால், கிராம சபை இல்லாது போகும். ஊரக வேலை உறுதித் திட்டமும் பொருந்தாது. வரி உயர்வும் எதிர்பார்க்கப்படும். மறுபுறம், பாதாளச் சாக்கடை போன்ற பெரிய பணிகளுக்கு நகர்ப்புற அமைப்புகளுக்கே நிதியும் பொறியாளர்களும் கூடுதலாக உள்ளனர். 2025 சனவரியில் பல ஊராட்சிகளை நகர்ப்புற அமைப்புகளுடன் இணைக்க அரசு முன்மொழிந்தபோது, சனவரி 26 கிராம சபைகளில் பல ஊர்கள் எதிர்ப்புத் தீர்மானம் இயற்றின.

இக்குறையை ஓரளவு போக்க, நகர்ப்புறங்களில் பகுதி சபைகள் 2022இல் ஏற்படுத்தப்பட்டன. ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து 2021 நவம்பரில் உருவான தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில், 2022 நவம்பர் 1 அன்று நடந்த பகுதி சபையில் முதலமைச்சர் கலந்து கொண்டார். எனினும் மாநகராட்சியின் வரவு செலவுத் திட்டம் பகுதி சபையின் ஒப்புதலுக்கு வருவதில்லை.

குறைபாடுகள்

- வந்தவர்களிடம் முதலில் கையொப்பம் பெற்றுப் பின்னர்த் தீர்மானங்களை எழுதிக்கொள்வதாகப் பல ஊர்களில் குறை கூறப்படுகிறது. தீர்மானத்தை உரக்கப் படித்துக் காட்டிய பின் கையொப்பமிடுவதே இதைத் தவிர்க்கும் வழி.
- அரசு அனுப்பும் பொதுவான பொருள்களே நேரத்தை எடுத்துக்கொள்வதால் உள்ளூர்ச் சிக்கல்கள் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன.
- பெரிய ஊராட்சிகளில் அனைவரும் ஒரே இடத்தில் கூடிப் பேசுவது கடினம். கேரளத்தில் ஒவ்வொரு வார்டுக்கும் தனிக் கிராம சபை உண்டு. தமிழ்நாட்டில் முழு ஊராட்சிக்கும் ஒரே சபைதான்.
- முந்தைய கூட்டத்தின் தீர்மானம் என்னவாயிற்று என்று கேட்க ஆளில்லாத ஊர்களில் அதே தீர்மானம் ஆண்டுதோறும் மீண்டும் எழுதப்படுகிறது.