கத்தியும் ரேடியமும் போதாமல் போனபோது: திருவண்ணாமலையிலிருந்து கீமோதெரபியின் வரலாறு

1949 பிப்ரவரியில் ரமண மகரிஷியின் இடது முழங்கைக்குக் கீழே இருந்த சிறு கட்டியைத் திருவண்ணாமலை ஆசிரமத்திலேயே அறுத்து எடுத்தார்கள். சீக்கிரமே அது மறுபடி தலைகாட்டியது. மார்ச்சில் சென்னையிலிருந்து அறுவை மருத்துவர்கள் வந்தார்கள். திசுவைச் சோதித்ததில் சார்க்கோமா என்ற புற்றுநோய் என்று தெரிந்தது, ரேடியம் வைத்தார்கள். கையை எடுத்துவிடலாம் என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை. ஆகஸ்டில் மூன்றாவது அறுவை, டிசம்பரில் நான்காவது. இடையில் பச்சிலை, ஹோமியோபதி எல்லாம் பார்த்தாகிவிட்டது. 1950 ஏப்ரல் 14 இரவு அவர் காலமானார்.

அடியார்கள் இந்த மாதங்களை அவருடைய பற்றின்மைக்குச் சான்றாக வாசிக்கிறார்கள். மருத்துவ வரலாற்றை எழுதுபவருக்கு இதில் வேறொரு சான்றும் கிடைக்கிறது. அன்றைக்குப் புற்றுநோய்க்கு இருந்தவை கத்தியும் கதிரும்தான். கட்டி இருக்கும் இடத்தைத் தாண்டி அவற்றுக்கு வேலை இல்லை. ரத்தத்தோடு ஓடி உடம்பெங்கும் போகும் மருந்து அப்போதுதான் பிறந்திருந்தது. அதன் பிறப்பில் சென்னைக்கும் பங்கு உண்டு.

சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்திப் படித்ததால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறியவர் எல்லப்பிரகட சுப்பாராவ். 1922-இல் அமெரிக்கா போனார். பின்னாளில் லெடர்லே ஆய்வகத்தில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கிய குழுவை வழிநடத்தினார். (அந்தச் சத்தின் கதையும் இந்தியாவில் தொடங்கியதே. பம்பாயில் ரத்தசோகை கண்ட கர்ப்பிணிகளை ஆராய்ந்த லூசி வில்ஸ் அதற்கு வழி திறந்தவர்.) பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலக் கூட்டுப்பொருளைக் கொடுத்துப் பார்த்தார், நோய் இன்னும் வேகமெடுத்தது. அப்படியானால் அதைத் தடுத்தால்? சுப்பாராவின் குழு அதற்கு எதிர்ப்பொருளைச் செய்து தந்தது: அமினோப்டெரின். 1948 ஜூனில் வெளியான கட்டுரையில் 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்ததாக ஃபார்பர் எழுதினார். இரண்டு மாதத்தில் சுப்பாராவ் இறந்துபோனார். அமினோப்டெரினின் தம்பியான மெத்தோட்ரெக்சேட் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

மெத்தோட்ரெக்சேட் உருவத்தில் ஃபோலிக் அமிலத்தை ஒத்தது. அந்தச் சத்தைப் பக்குவப்படுத்தும் நொதியில் போய் ஒட்டிக்கொள்கிறது. செல் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்க முடியாமல் நின்றுவிடுகிறது. சிக்கலும் இங்கேதான். படியெடுப்பது புற்றுசெல் மட்டுமல்ல. எலும்பு மஜ்ஜை, வாய், குடல் உட்சவ்வு, மயிர்க்கால் எல்லாமே ஓயாமல் பெருகுபவை. மருந்துக்கு ஆள் அடையாளம் தெரியாது. வாய்ப்புண், பேதி, முடி உதிர்வு, ‘கவுண்ட் இறங்கிடுச்சு’ என்று வார்டில் சொல்லப்படும் வெள்ளணுக் குறைவு ஆகியவை மருந்து வழிதவறியதால் வருவன அல்ல. அதன் வேலையே அதுதான். ஆகவே கீமோதெரபியின் வரலாறு புதுப்புது நஞ்சுகளைக் கண்டுபிடித்த வரலாறு என்பதைவிட, நஞ்சைத் தாங்கவைக்கக் கற்ற வரலாறு என்பதே பொருந்தும் என்பது என் கருத்து.

நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணி அந்தப் பாடத்தின் பெரும் பகுதி. அதிலிருந்து எடுத்த வின்கிரிஸ்டினை அமெரிக்கா 1963-இல் அங்கீகரித்தது. செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இழுத்துச் செல்லும் நுண்குழல்களை அது கட்டவிடாமல் செய்கிறது. அதே நுண்குழல்கள் நரம்பிழைகளிலும் இருப்பதால் விரல் மரத்துப்போகும், மலம் கட்டும். ஆனால் மஜ்ஜையை அவ்வளவாகத் தொடாது. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர்கள் பிடித்துக்கொண்டது இந்த வேறுபாட்டைத்தான்: ஒவ்வொரு மருந்தும் வெவ்வேறு உறுப்பை வருத்துமானால், நான்கு மருந்துகளை ஏறக்குறைய முழு அளவில் சேர்த்துக் கொடுக்கலாம். வின்கிரிஸ்டின், மெத்தோட்ரெக்சேட், மெர்காப்டோபூரின், பிரெட்னிசோன் என்ற நால்வர் கூட்டு அப்படி உருவானது. பக்கவிளைவுப் பட்டியலே சிகிச்சைத் திட்டமாயிற்று.

அடுத்த படி இன்னும் துணிச்சலானது. 1970-களில் எலும்புச் சார்க்கோமாவுக்கு, கொல்லக்கூடிய அளவு மெத்தோட்ரெக்சேட்டை வேண்டுமென்றே ஏற்றினார்கள். குறித்த நேரத்தில் லூக்கோவோரின் என்ற முறிமருந்து. இன்றும் மஞ்சள் நிற மெத்தோட்ரெக்சேட் ஏறும் வார்டில் செவிலியர் ஒவ்வொரு முறையும் சிறுநீரில் சோதனைத் தாளை நனைத்து நிறம் பார்ப்பார். சிறுநீரில் அமிலம் மிகுந்தால் மருந்து படிகமாகிச் சிறுநீரகத்தை அடைத்துவிடும். அதற்காகவே சோடியம் பைகார்பனேட்டும் சேர்ந்து ஏறும். வாந்தியை அடக்கும் ஆண்டன்செட்ரான் 1990-களில்தான் வந்தது. அதற்கு முன் பலர் பாதியில் சிகிச்சையை விட்டதற்கு வாந்தியே போதுமான காரணம்.

1954-இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 12 படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில் இந்த அறிவு தமிழ் மண்ணுக்கு வந்து சேர்ந்தது. 1980-களில் தொடங்கி அடையாறும் மும்பை டாடா நிலையமும் தில்லி எய்ம்ஸும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு எம்.சி.பி.-841 என்ற ஒரே திட்டத்தைப் பின்பற்றின. பிழைத்தவர் எண்ணிக்கை கணிசமாகக் கூடியது. ஆனால் நோய் தணிந்த பிறகும் கிருமித்தொற்றால் இறந்த குழந்தைகள் இருந்தார்கள். மருந்து அமெரிக்காவில் என்ன செய்ததோ அதையே இங்கும் செய்தது; சத்துக்குறைவான உடம்பும் ஆஸ்பத்திரிக்கு உள்ள தூரமும்தான் வேறு.

அந்தத் தூரம் திருவண்ணாமலை மாவட்டத்துக் குடும்பங்களுக்குத் தெரிந்த விஷயம். கீமோவுக்கு வேலூர் சி.எம்.சி.க்கோ, காஞ்சிபுரம் காரப்பேட்டை புற்றுநோய் மருத்துவமனைக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ போய்வருகிறார்கள். மருந்து ஏறும் நாளிலேயே வெள்ளணு பெரிதாகக் குறைவதில்லை. பெரும்பாலான மருந்துகளில் வெள்ளணு அடிமட்டத்துக்கு இறங்குவது 7 முதல் 14 நாள் கழித்து. அப்போது நோயாளி இருப்பது தன் வீட்டில். 100.4 டிகிரி காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போட்டு விடியட்டும் என்று இருந்தால், அதற்குள் கிருமி ரத்தத்தில் பரவிவிடலாம். ரத்தக்குழாய் வழியே ஆன்டிபயாடிக் ஏற வேண்டியது மருத்துவமனையை அடைந்த ஒரு மணி நேரத்துக்குள். கிரிவலக் கூட்டத்தில் ஊர் அடைபட்டுக் கிடக்கும் பௌர்ணமி இரவானாலும், பக்கத்து அரசு மருத்துவமனைக்காவது அப்போதே கிளம்பியாக வேண்டும், கீமோ சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு.