அலையால் மூட்டிய அனல்

சூரியனுக்குள் நிகழும் அணுச்சேர்க்கையைப் பூமியில் ஒரு குழாய்க்குள் நிகழ்த்திவிடலாம் என்ற நம்பிக்கையோடு, 1951-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் சர்வகலாசாலையில் லைமன் ஸ்பிட்ஸர் என்னும் வான சாஸ்திரி தொடங்கிய இரகசிய முயற்சிக்கு, மலையேற்றத்தில் அவருக்கிருந்த மோகத்தால், மாட்டர்ஹார்ன் என்ற ஆல்ப்ஸ் சிகரத்தின் பெயரே சூட்டப்பட்டது. அக்குழாய்க்குள் காந்தப் புலத்தால் அடைத்துவைத்த பிளாஸ்மாவை, அதாவது அயனிகளும் எலெக்ட்ரான்களுமாகப் பிரிந்த வாயுவை, சூடேற்ற அதனூடே மின்சாரத்தைப் பாய்ச்சுவதே அன்று கைவசமிருந்த உபாயம். ஆனால் உஷ்ணம் நாலு மடங்கு ஏறினால் பிளாஸ்மாவின் மின்தடை எட்டில் ஒரு பங்காகிவிடும். தடை குறையக் குறைய மின்சாரம் வெப்பம் தருவதும் குறையும். ஆகவே அந்த உபாயம் பாதி வழியிலேயே ஓய்ந்துபோயிற்று.

இம்முட்டுக்கட்டைக்கு வழி கண்டவர்களுள் தலையாயவர் பிரின்ஸ்டனின் பௌதிக அறிஞர் தாமஸ் ஸ்டிக்ஸ். காந்தப் புலத்தில் சிக்கிய அயனிகள், அப்புலத்தின் வலிமைக்கேற்ப விநாடிக்கு இத்தனை சுற்று என்ற கணக்குத் தவறாமல் வட்டமிடுபவை. அந்தக் கணக்குக்கு ஒத்த ரேடியோ அலையை ஏவினால் அவை அதன் சக்தியை வாங்கிக்கொள்ளும். சொல்வது எளிது, அடர்ந்த பிளாஸ்மாவோ அப்படி ஏவிய புலத்தை உள்ளே விடாமல் மறைத்துக்கொள்ளும். ஸ்டிக்ஸ், குழாயின்மேல் கம்பிச்சுருளைப் பகுதி பகுதியாகச் சுற்றி, அடுத்தடுத்த பகுதிகளில் மின்னோட்டம் எதிரெதிராக ஓடும்படி அமைத்து, காந்தப் புலம் வலுத்திருந்த இடத்தில் அலையைக் கிளப்பினார். அது குழாய்வழியே சென்று, புலம் நலியும் இடத்தை அணுகியதும், கரை சேர்ந்த கடலலை போல் உடைந்து தன் சக்தியை அயனிகளிடம் ஒப்படைத்தது. பி-65 என்ற சிறு யந்திரத்தில் இந்த யுக்தி பலித்தது. எனக்கு இதில் வியப்பளிப்பது, அயனிகளை நேரே தாக்காமல், சற்றுத் தொலைவில் நின்று அணுகிய அவருடைய நிதானந்தான். 1962-இல் அவர் வெளியிட்ட பிளாஸ்மா அலைகளைப் பற்றிய நூல், அத்துறை மாணாக்கருக்கு மூலநூலாயிற்று.

பி-65 முதலிய, ஸ்டெல்லரேட்டர் எனப்பட்ட பிரின்ஸ்டனின் யந்திரங்கள் நெடுநாள் நிலைக்கவில்லை. ரஷ்யரின் டோகமாக் என்ற வேறு வகை யந்திரம் கண்ட வெற்றியால், அவற்றுள் பெரியதான மாடல்-சி 1970-இல் டோகமாக்காகவே மாற்றப்பட்டது. அலையால் சூடேற்றும் வித்தையோ பிழைத்தது. எலெக்ட்ரான்களையும் அவ்வாறே சூடேற்றலாம். ஆனால் ஒரு டெஸ்லா புலத்தில் அவை விநாடிக்கு 2,800 கோடி முறை சுழல்வதால், அவ்வளவு வேகமான அலையைப் பெருஞ்சக்தியோடு எழுப்பும் குழல் வேண்டியிருந்தது. ரஷ்ய விஞ்ஞானி கபோனோவ்-கிரேகோவின் குழுவினர் 1964-இல் கோர்க்கி நகரில் அமைத்த ஜைரோட்ரான் என்ற குழல் அத்தேவையைத் தீர்த்தது. நாளடைவில் அதன் ஆற்றல் பத்து லட்சம் வாட்டை எட்டவே, அலை வெளியேறும் சாளரத்தின் பீங்கான், அலையால் தன்னில் ஏறும் சூட்டை நெடுநேரம் தாங்க மாட்டாமற்போயிற்று. அலையை அதிகம் உறிஞ்சாததும், ஏறிய சூட்டை விரைந்து கடத்திவிடுவதுமான செயற்கை வைரத்தை வட்டத் தகடாக்கி, அந்தச் சாளரத்தில் பொருத்தலானார்கள்.