அடுப்படிப் பாடம்: அகதிக்குச் சோறும் தொழிலும்

மாத்தளை நகரத்தைத் தொட்டுக்கொண்டு போகிற ஏ9 வீதி கண்டியில் தொடங்கி, தம்புள்ளை, வவுனியா வழியாக யாழ்ப்பாணம் போய்ச் சேருகிறது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி அந்த வீதியின் மறுமுனையில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் ஒஸ்மானியா கல்லூரி மைதானத்துக்கு அழைக்கப்பட்டார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்று விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். அந்த மாதத்தில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து விரட்டப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களில் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சமடைந்தார்கள்.

அவர்கள் இழந்த வீடு, காணி, கடை, பள்ளிவாசல் பற்றிப் பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியலாளர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் போன்றோர் பாடுபட்டு ஆவணப்படுத்தியிருக்கிறார்கள். இக்கட்டுரையில் நான் கேட்க நினைப்பது வேறொன்று. சோதனைச் சாவடியில் எல்லாவற்றையும் பறித்த பிறகு, பறிக்க முடியாமல் கையில் மிஞ்சியது என்ன? தெரிந்த தொழில்தான். தையல்காரருக்கு இயந்திரம் வேணும், மீனவருக்குத் தோணி வேணும். சமைக்கத் தெரிந்தவருக்கோ மூன்று கல்லும் ஒரு சட்டியும் கிடைத்தால் அன்றைக்கே வேலை தொடங்கிவிடலாம்.

புத்தளத்து மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டு, வந்தவர்களுக்குச் சோறாக்கிப் போட்டார்கள். அந்த விருந்தோம்பலை மறந்தால் நன்றி கெட்டவர்களாவோம். ஆனாலும் ஆக்கிப் போடும் சோற்றுக்கு ஓர் எல்லை உண்டு. மாதங்கள் வருடங்களாயின, நிவாரணப் பொருள் ஒரு குடும்பத்தை எவ்வளவு காலம் தாங்கும்? பெண்கள் வெங்காயத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனார்கள். இன்னும் சிலர் கிடுகுக் கொட்டில் வாசலில் இடியப்பம், அப்பம் விற்றார்கள். அதை யாரும் தொழில் என்று எழுதி வைக்கவில்லை. ‘அவங்க ஏதோ சுட்டு விக்கிறாங்க’ என்பதோடு சரி.

இந்த இடத்தில் மதீனாவைத் திரும்பிப் பார்க்க வேண்டும். 622இல் ஹிஜ்ரத் செய்து போன முஹாஜிர்களும் வெறுங்கையோடு போனவர்கள்தாம். அன்ஸாரித் தோழர் ஸஅத் இப்னு ரபீஉ (ரழி), தம் சொத்தில் பாதியைத் தருவதாகச் சொன்னபோது அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அதை ஏற்கவில்லை. அவருக்காகப் பரக்கத் வேண்டி துஆச் செய்துவிட்டு, சந்தைக்கு வழி கேட்டார். அங்கிருந்து அவர் ஈட்டிக்கொண்டு திரும்பியவை பாற்கட்டியும் நெய்யும் என்று புகாரி கிரந்தத்தில் பதிவாகியிருக்கிறது. யாசகம் கேட்டு வந்த ஒருவரின் விரிப்பையும் பாத்திரத்தையும் நபிகளார் (ஸல்) இரண்டு திர்ஹத்துக்கு விற்றுக் கொடுத்த சம்பவமும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு திர்ஹம் வீட்டுச் சாப்பாட்டுக்கு, மற்றது கோடரிக்கு. நம்முடைய ஸதகா பெரும்பாலும் முதல் திர்ஹத்தோடு நின்றுவிடுகிறது.

அடுப்படியையே பயிற்சிக்கூடமாக்கிய முன்மாதிரியும் நம் வரலாற்றில் உண்டு. மௌலானா ரூமியின் குடும்பம் பல்கு பிரதேசத்திலிருந்து புலம்பெயர்ந்து, பல ஊர் அலைந்து, கொன்யாவில் குடியேறியது. அவர் பெயரால் அமைந்த மௌலவிய்யா தரீக்காவில் புதிதாகச் சேர்ந்தவர் 1001 நாட்கள் பணிவிடை செய்ய வேண்டியிருந்தது. அதன் மையம் சமையலறை. முதல் மூன்று நாட்கள் ஒரு மூலையில் அமர்ந்து, நடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. பயிற்சிக்குப் பொறுப்பானவர் தலைமைச் சமையற்காரர். 1285இல் மறைந்த ஆதஷ்பாஸ் வலீ என்ற சமையற்காரருக்குக் கொன்யாவில் இன்றும் ஸியாரம் இருக்கிறது. அது ஆன்மிகப் பயிற்சிதான், பிழைப்புக்கான பயிற்சியல்ல. ஆனால் சமையலைக் கீழான வேலையாகக் கருதாத ஒரு மரபு நமக்குண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மாத்தளையில் எங்கட பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளிலும் ஒரு பள்ளிக்கூடம் நடக்கத்தான் செய்கிறது, பெயர்தான் இல்லை. பொடியன் வந்து முதலில் பீங்கான் கழுவுவான். பிறகு வெங்காயம் வெட்டுவான், மா பிசைவான், பராட்டா வீசுவான். ஒருநாள் ‘பாஸ்’ ஆகிவிடுவான். கந்தூரிக்குக் கிடாரம் ஏற்றுகிற கோக்கிமாரும் அப்படித்தான் தொழில் படித்தவர்கள். மிளகு, கராம்பு, சாதிக்காய், ஏலம் எல்லாம் விளைகிற மாவட்டம் இது. ஆசானும் இருக்கிறார், சரக்கும் இருக்கிறது. சான்றிதழ்தான் இல்லை.

அதற்கும் வழியில்லாமல் இல்லை. தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை, அனுபவத்தால் தொழில் கற்றவர்களைப் பரீட்சித்துத் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் வழங்குகிறது. ஒரு மஹல்லாவின் பள்ளிவாசல் நிர்வாகம் தன் கந்தூரிச் சமையலறையை வாரத்தில் இரண்டு நாள் திறந்துவிட்டு, ஒரு நல்ல கோக்கியை உஸ்தாதாக வைத்தால் போதும். ஸகாத் பணத்தில் ஒரு பகுதி அந்த இரண்டாவது திர்ஹமாகிவிடும். பெண்களுக்கும் அதில் தனி நேரம் ஒதுக்க வேண்டும். வீட்டுக்குள் வட்டிலப்பமும் புரியாணியும் செய்கிற கைக்கு வெளியில் ஒரு பெயர் கிடைக்கட்டும்.

இது பழங்கதையல்ல. 2024 டிசெம்பரில் நூற்றுக்கு மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் படகில் முல்லைத்தீவுக் கரையை அடைந்தார்கள். 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் இலங்கை கையொப்பமிடவில்லை. ஆகவே இங்கு தஞ்சம் கோருவோருக்கு முறையாக வேலை செய்யும் உரிமை இல்லை. வேறொரு நாடு ஏற்கும்வரை காத்திருப்பதே அவர்கள் வாழ்க்கை. அந்தக் காலத்தில் நாம் கொடுக்கிற சோறு அன்றைக்கே முடிந்துபோகும். கற்றுக்கொடுக்கிற சமையல் அவர்களோடு அடுத்த நாட்டுக்கும் போகும். அகதி வந்த பிறகு அடுப்பு மூட்ட நாம் எப்போதும் ஓடுகிறோம். அந்த அடுப்பின் முன்னால் அவரையும் ஆசானாகவோ மாணவராகவோ நிற்க வைப்பதுதான் இன்னும் மிச்சமிருக்கிற கடமை.