மாட்டுக்கு முன்னால் புல்

அம்பேவெலவுக்கு ட்ரிப் போகாத கம்பஸ் பட்ச் குறைவு. குளிர், புல்வெளி, கொழுத்த மாடுகள். நாங்களும் போய் ஃபோட்டோ எடுத்துக்கொண்டு வந்தவர்கள்தான். அந்தப் பண்ணை ஒரு காலம் அரசாங்கச் சொத்து. 2001இல் லங்கா மில்க் ஃபூட்ஸ் நிறுவனத்தின் கைக்குப் போனது. இன்று நன்றாக நடக்கிறது. இதைக் காட்டி, "அரசாங்கப் பண்ணைய வித்தாத்தான் உருப்படும்" என்கிறார்கள் பலர்.

எங்களுக்கு அது பாதிக் கதையாகத்தான் படுகிறது.

மீதிப் பாதி, 1973இல் உருவான தேசிய கால்நடை அபிவிருத்திச் சபையின் பண்ணைகளில் இருக்கிறது. அவற்றைத் தூக்கி நிறுத்த அரசாங்கம் நம்பியது கப்பலில் வரும் பசுக்களை. 2012இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து சுமார் 2,000 சினைப் பசுக்கள் மலைநாட்டுப் பண்ணைகளுக்கு வந்தன. பிறகு வெயில் கொளுத்தும் அம்பாந்தோட்டை ரிதியகமவுக்கும் இறக்கினார்கள். அடுத்தது தனியார் பண்ணையாளர்களுக்கு 20,000 பசுக்கள் என்ற திட்டம். 2017இல் 5,000 வந்ததோடு நின்றுபோனது. வாங்கியவர்கள் நோய், பால் குறைவு, வங்கிக் கடன் என்று முறையிட்டார்கள்.

ஏன் இப்படி? அதிகம் கறக்கும் சீமைப் பசு அதிகம் தின்னும், சூடு தாங்காது. நல்ல புல், தண்ணீர், குளிர்ச்சியான கொட்டில், கூப்பிட்டதும் வரும் மிருக வைத்தியர் எல்லாம் வேண்டும். அம்பேவெலவில் குளிரை இயற்கையே கொடுக்கிறது. ரிதியகமவில் அதையும் காசு கொடுத்துத்தான் உண்டாக்க வேண்டும்.

இப்போது எங்கட கரைக்கு வருவோம். கல்முனைக் கடைகளில் தொங்கும் சட்டித் தயிர் கப்பலில் வந்த மாட்டுடையதல்ல, பட்டி எருமையுடையது. பெரும்போகம் விதைத்தால் பட்டிகளை மேற்கே காட்டோரத்துக்குச் சாய்ப்பார்கள். அறுவடை முடிந்தால் வயலுக்கு இறக்குவார்கள். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தோடு வயலும் கரும்பும் பெருகின, மேய்ச்சல் தரை சுருங்கியது. வட்டமடுவில் மாட்டுக்காரரும் வேளாண்மைக்காரரும் வருஷக்கணக்காக முட்டிக்கொள்வது இதனால்தான். இரண்டு பக்கமும் நிலத்தை நம்பிப் பிழைக்கும் எங்கட ஆக்கள்.

ஊரில் ஒரு பட்டிக்காரக் காக்காவிடம் கேட்டோம். "மாடு வாங்குறது லேசு தம்பி. அத எங்க விடுற?" என்றார்.

அரசாங்கப் பண்ணையை விற்பதா, வைத்திருப்பதா என்று சண்டை பிடிக்க முதல் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். மேய்ச்சல் தரைக்கு எல்லை போடுங்கள். பண்ணை நிலத்தில் புல் வளருங்கள். ஊர்ப் பட்டிகளுக்கு நல்ல பொலிகாளை கொடுங்கள். பண்ணை எழும்புவது அங்கிருந்துதான்.